சைரன் வாயில் பனியன் வேஸ்ட்

சென்றாயனை இப்போதெல்லாம் கம்பெனியில் யாரும் சென்றாயன் என்று கூப்பிடுவதில்லை. 'சுனாமி சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் ராமப்பன் தினமும் மதியம், "ஏனப்பா சுனாமி, ஊட்டா ஆய்த்தா?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்துவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். ஓசூர் இருப்பதோ கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரத்தில். கடலைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டும். ஒரு சுனாமிக்கு ஓசூர் வர ஆசை வந்தால், கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையில் நின்றுதான் வர வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் அமைந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். சென்றாயனும் கூடவே சிரிப்பான். சிரிக்கும்போது மட்டும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டான்.

அவனுக்கு நாற்பத்தொரு வயது. பேரிகைப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறித்து, கொத்தமல்லி கட்டி வளர்த்த பிள்ளை. ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு ஓசூரில் மூன்று கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருந்தான். ஒவ்வொரு தடவையும் நிரந்தரம் ஆகப்போகிற நேரமாகப் பார்த்து அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நான்காவதாக வந்து சேர்ந்ததுதான் இந்த சைரன் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிப்காட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், பதினெட்டு ஆட்கள், ஒரு முதலாளி. தொழிற்சாலை சைரன், தீ சைரன், அதோடு கடலோரக் கிராமங்களில் கம்பத்தின் மேல் வைக்கிற பெரிய எச்சரிக்கை சைரன் எல்லாம் இங்கேதான் தயாராகின்றன. பதினோரு வருடமாக டெஸ்டிங் சென்றாயன் கையில். சைரன் சத்தம் வெளியே வருகிற குழலுக்கு ஹார்ன் என்று பெயர். அதன் முதுகில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் 'சத்தம் சரி' என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு ஹார்ன்கூட லாரி ஏறாது. அந்தக் கையெழுத்தில் அவனுக்கு நல்ல பெருமை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சைரன் கம்பெனிக்கு உள்ள பெரிய தொல்லை என்ன தெரியுமா? சைரனை அடித்துப் பார்க்க முடியாது. பக்கத்து ஷெட் ஒரு தையல் கம்பெனி. இங்கே ஒரு ஹார்னை அலற விட்டால் அங்கே இருநூறு பெண்கள் தீப்பிடித்துவிட்டது என்று மெஷினை விட்டு எழுந்து வெளியே ஓடி வந்துவிடுவார்கள். மூன்று தடவை ஓடி வந்தார்கள். மூன்றாவது தடவை ஒரு பெண் படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். தையல் கம்பெனி மேனேஜர் வந்து கத்திவிட்டுப் போனபிறகு முதலாளி ரத்தினவேல் ஒரு வழி கண்டுபிடித்தார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரில் ஷெட் போட்டவர். எதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்.

"வாய அடைச்சுட்டு டெஸ்ட் பண்ணுப்பா. அதுக்கா வழியில்ல?" என்றார்.

எதை வைத்து அடைப்பது? தொழிற்பேட்டையில் எங்கு பார்த்தாலும் கிடைக்கிற ஒரே பொருள் பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வெட்டிப் போடுகிற துண்டுத்துணிகள் மூட்டை மூட்டையாக இங்கே வரும். ஆயில் துடைக்க, கிரீஸ் துடைக்க, கை துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். சென்றாயன் இரண்டு கைப்பிடி பனியன் வேஸ்ட்டை ஹார்னின் தொண்டைக்குள் திணிப்பான். பட்டனை அழுத்துவான். உள்ளங்கையை ஹார்னின் உடம்பில் வைத்துப் பார்ப்பான். அது கிடுகிடுவென்று நடுங்கினால் சத்தம் சரி. பிறகு துணியை உருவி எடுத்துவிட்டு, குருவி புகாமல் இருக்க வாயில் கம்பிவலை வைத்து நான்கு ஸ்க்ரூ முடுக்கி, ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவான். காதால் கேட்க வேண்டிய ஒன்றைக் கையால் கேட்டுப் பழகிவிட்டான். நான்கைந்து வருடம் அப்படியே ஓடியது. ஒரு புகாரும் வரவில்லை.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் அது நடந்தது.

ஆயுத பூஜை என்றால் ஓசூரில் எந்த ஷெட்டும் தன் வசத்தில் இருக்காது. ஒரு பக்கம் மெஷின் கழுவுகிறார்கள், ஒரு பக்கம் வாழைக்கன்று கட்டுகிறார்கள், ஊருக்குப் போகிறவர்கள் பையோடு வந்து நிற்கிறார்கள். அன்று பார்த்து எட்டு கடலோர ஊர்களுக்குப் போக வேண்டிய பதினாறு ஹார்ன்கள் பாக்கி. ஒரு கம்பத்துக்கு இரண்டு. லாரி டிரைவர் வாசலில் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். சென்றாயன் வரிசையாகத் திணித்தான், அழுத்தினான், கை வைத்துப் பார்த்தான். நடுவில் கூப்பிட்டார்கள், போய்ப் பூசணிக்காய்க்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தான். வந்து வலையை முடுக்கினான். நல்ல நாளும் அதுவுமாக அனுப்புகிறோமே என்று ஒவ்வொரு ஹார்னின் முதுகிலும் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தான். லாரி போய்விட்டது. சாயங்காலம் பூஜை முடிந்து பொரி தின்றுகொண்டிருக்கும்போது, எடுத்துப் போட்ட பனியன் வேஸ்ட் எங்கே என்று ஒரு யோசனை வந்தது. தரையில் எங்கு பார்த்தாலும் மெஷின் துடைத்த வேஸ்ட் கிடந்தது. அதில் எது எது என்று யார் கண்டார்கள்? எடுத்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னொரு கை பொரி அள்ளினான்.

இந்த வருடம் ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது. சுனாமி அறிவியல், எச்சரிக்கை அமைப்பு, மக்களைத் தயார்படுத்துவது பற்றிக் கடலோரத்தில் ஆறு நாள் பயிற்சி. தாசில்தார்கள், தீயணைப்புக்காரர்கள், மீனவ கிராமக் குழுக்காரர்களோடு சைரன் செய்கிற இடத்திலிருந்தும் ஒருவர் வர வேண்டுமாம். ரத்தினவேல் சென்றாயனை அனுப்பினார். கடலுக்குச் சைரன் செய்து பதினோரு வருடம் ஆகியும் அவன் கடலைப் பார்த்ததில்லை. முதல் நாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு மனைவி மாதேஸ்வரிக்குப் போன் போட்டு, "ஏரி மாதிரின்னு நெனச்சன். அந்தாண்ட கரையே இல்ல புள்ள" என்றான்.

வகுப்பு எடுத்தவர் மோகனப்ரியா என்ற விஞ்ஞானி. முப்பத்தைந்து வயது இருக்கும். பாவாடை கட்டின பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொன்னார். ஆழ்கடலில் சுனாமி விமான வேகத்தில் வரும், ஆனால் மேலே படகில் இருப்பவனுக்கு ஒன்றுமே தெரியாது. கரைக்கு அருகில் வந்ததும் வேகம் குறையும், உயரம் கூடும். முதல் அலைதான் பெரியது என்று நினைத்து அது வடிந்ததும் வீட்டைப் பார்க்க இறங்கிப் போகிறவர்கள்தான் அடுத்த அலையில் சாகிறார்கள். சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தால் நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாயிரத்து நான்கிலும் அந்த நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. இப்போது கடலடியில் கருவி இருக்கிறது, மேலே செயற்கைக்கோள் இருக்கிறது, சில நிமிடங்களில் செய்தி மாவட்டத்துக்கு வந்துவிடும்.

"ஆனா அது பாதி வேலைதான். ஊர்ல கடைசி வீட்டு ஆள் காதுல விழுந்து, அவங்க எந்திரிச்சு நடந்தாத்தான் அது எச்சரிக்கை. அதுவரைக்கும் வெறும் தகவல்" என்றார் மோகனப்ரியா.

சென்றாயன் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டான். கடைசி வீட்டுக்காரன் காதில் விழுகிற சத்தம் நான் செய்கிற சத்தம்தானே என்று நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஐந்தாம் நாள் ஒத்திகைக்காக ஒரு குப்பத்துக்குக் கூட்டிப் போனார்கள். கீழச்சாவடிக்குப்பம். அங்கே ஊர்க்குழுவில் சைரன் பட்டன் இருக்கிற பெட்டியின் சாவி ஜெயமணி என்ற அம்மாவிடம் இருந்தது. ஐம்பத்தைந்து வயது, கருவாடு விற்கிறவர். சாவியை ஊக்கில் கோத்துப் புடவை முந்தியில் குத்தியிருந்தார். இரண்டாயிரத்து நான்கு சுனாமியில் கணவரையும் நாத்தனாரையும் கடலுக்குக் கொடுத்தவர் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். அவராக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைத் தன் வீட்டுப் பாத்திரம் மாதிரித் துடைத்து வைத்திருந்தார்.

பத்தரை மணிக்குப் பட்டனை அழுத்தினார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். கம்பத்துக்கு நேர் கீழே நின்றவர்களே இது சைரனா என்று அண்ணாந்து பார்த்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் பின்னிக்கொண்டே இருந்தார்கள். ஜெயமணி ஒரு நொடி நின்றார். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு தெருத்தெருவாக ஓடினார். ஒவ்வொரு கதவிலும் அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதினாலு நிமிடத்தில் ஊரையே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அதை யார் பார்த்தார்கள்? வந்திருந்த பெரிய அதிகாரிக்கு, வெளியூர் ஆட்கள் முன்னால் சைரன் முனகிவிட்டதே என்றுதான் கோபம்.

"சைரன் கம்பெனி ஆள் யாருங்க? ஏறிப் பாருங்க" என்றார்.

தீயணைப்பு ஏணியில் சென்றாயன் ஏறினான். மேலே போனதும் முதலில் ஸ்டிக்கரைத்தான் பார்த்தான். உப்புக்காற்றில் ஓரம் சுருண்டிருந்தது. சத்தம் சரி. கீழே அவன் கையெழுத்து. பக்கத்தில் சந்தனம் உதிர்ந்துபோய், காய்ந்த குங்குமக் கறை அவன் விரல் அகலத்தில் ஒட்டியிருந்தது. வலையைக் கழற்றாமலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே கை விட்டான். இரண்டு ஹார்னிலும் பனியன் வேஸ்ட். பச்சையில் மஞ்சள் கோடு போட்ட துணி. ஈரத்தில் ஊறிக் கட்டியாகிக் கிடந்தது.

இந்த இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கீழே முப்பது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கழுத்தில் 'தொழில்நுட்ப வல்லுநர்' என்று அட்டை தொங்கியது. துணியைச் சுருட்டிப் பேண்ட் பாக்கெட்டுகளில் திணித்துக்கொண்டு, வலையை மறுபடி முடுக்கிவிட்டு இறங்கினான்.

"என்னங்க ஆச்சு?"

"குருவிக் கூடுங்க சார். எடுத்துட்டன்."

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. மறுபடி அழுத்தினார்கள். சைரன் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி அலறியது. எல்லோரும் கை தட்டினார்கள். அவனுக்காகத் தட்டினார்கள்.

அதிகாரி ஜெயமணி பக்கம் திரும்பினார். "மாசம் ஒரு தடவ பாருங்கன்னுதானம்மா சாவிய குடுத்தோம்? கூடு கட்ற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"சத்தம் அடைச்சாப்புல இருக்குன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேங்கய்யா. ஒருத்தரும் வரல" என்றார் ஜெயமணி. பிறகு சென்றாயனைப் பார்த்து, "வாயில வலை போட்டிருக்குல்ல தம்பி? குருவி எப்புடிப் போயிருக்கும்?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

சென்றாயன் அந்த முகத்தைப் பார்த்தே சொன்னான்: "சின்னக் குருவிங்கக்கா. சந்துல பூந்திருக்கும்."

அங்கேயே சாவியை வாங்கி ஊர்க்குழுவில் இன்னொருவரிடம் கொடுத்தார்கள். முந்தியிலிருந்து ஊக்கைக் கழற்றிய அந்த அம்மா, சாவியை ஒரு தடவை முந்தியாலேயே துடைத்துவிட்டு நீட்டியதைச் சென்றாயன் பார்த்தான். அவன் பாக்கெட் இரண்டும் ஈரமாகித் தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஊருக்கு வந்ததும் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டினார்கள். ரத்தினவேல் சால்வை போர்த்தினார். பயிற்சி முடித்தவர்கள் தங்கள் வட்டாரத்தில் பத்து இடத்திலாவது பேச வேண்டும் என்று விதி. சுனாமி இல்லாவிட்டால் என்ன, தீ இருக்கிறது, வாயுக்கசிவு இருக்கிறது, அஞ்செட்டிப் பக்கம் திடீர் வெள்ளம் இருக்கிறது. சென்றாயன் கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பேசினான். 'சுனாமி சார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். நன்றாகத்தான் பேசினான். கடைசி வீட்டு ஆளின் காது என்று வரும்போது மட்டும் குரல் கம்மும். உணர்ச்சிவசப்படுகிறார் என்று ஜனங்கள் கை தட்டுவார்கள். கை தட்டல் கேட்டால் அவனுக்குத் தொடையில் ஈரம் ஒட்டுகிற மாதிரி இருக்கும்.

வீட்டிலும் தப்பிக்க வழியில்லை. பயிற்சிக்குப் போட்டுப் போன பேண்ட்டைத் துவைக்கும்போது மாதேஸ்வரி பாக்கெட்டில் அந்தத் துணியைப் பார்த்தாள். அவன் பாக்கெட்டில் பனியன் வேஸ்ட் இருப்பது அவளுக்குப் புதிதா என்ன? அலசிக் காயப்போட்டு அடுப்பு துடைக்க வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் டீ குடிக்கும்போது பச்சையில் மஞ்சள் கோடு அடுப்படியில் தொங்கும். ஒருநாள் அதை எடுத்துக் குப்பையில் போட்டான்.

"நல்லா தண்ணி இழுக்குற துணிய எதுக்குப் போட்ட?" என்று அவள் திரும்ப எடுத்து வந்துவிட்டாள்.

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம். வேறு பெயர் அதற்கு இல்லை. மீதி ஏழு ஊர்களில் எத்தனை ஹார்னில் துணி இருக்கிறது, எத்தனையில் இல்லை என்று அவனுக்கே தெரியாது. அதை நினைத்தால் சோறு இறங்காது. ஆனாலும் உண்மையைச் சொன்னால் அவன் பதினோரு வருடக் கையெழுத்து என்ன ஆகும் என்ற நினைப்பு அதற்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். இப்படி மூன்று மாதம் ஓட்டினான். ஐப்பசி போய்க் கார்த்திகையும் பிறந்துவிட்டது.

கார்த்திகை முதல் வாரத்தில் மோகனப்ரியா போன் செய்தார்.

"சார், நல்லா இருக்கீங்களா? பயிற்சிக் கையேடு அச்சுக்குப் போகுது. உங்க குருவிக்கூடு விஷயத்த ஒரு பாடமா வெச்சிருக்கோம். வாட்சப்ல அனுப்பறேன். படிச்சுட்டு சரின்னு போட்டீங்கன்னா போதும்."

மதியச் சாப்பாட்டுக்கு ஒதுங்கின நேரத்தில் பக்கம் வந்தது. 'பராமரிப்பின்மைக்கு ஓர் உதாரணம்' என்று தலைப்பு. கிராமக் குழுவின் அலட்சியத்தால் சைரனில் பறவை கூடு கட்டியது, வல்லுநர் ஒருவர் உடனே சரிசெய்தார் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு படம். ஜெயமணி சாவியை நீட்டுகிறார், இன்னொரு கை வாங்குகிறது. ஓரத்தில் கழுத்தட்டையோடு சென்றாயன் நிற்கிறான். இனி ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு பயிற்சியிலும், இதைப் படித்துத்தான் தாசில்தார்கள் கற்றுக்கொள்வார்கள். அவன் பொய் பாடமாகப் போகிறது.

தூக்குச்சட்டியை மூடி வைத்துவிட்டு ரத்தினவேல் அறைக்குப் போனான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஆயுத பூஜை, லாரி, குங்குமம், பாக்கெட்டில் திணித்தது, குருவி. ரத்தினவேல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"யாருட்டயும் சொல்லலேல்ல?"

"இல்லீங்க சார்."

"அப்பறம் என்னப்பா? பொங்கல் கழியட்டும். சர்வீஸ் விசிட்னு சொல்லி நீயே ஒரு ரவுண்டு போ. ஏழு ஊருலயும் சத்தமில்லாம உருவிட்டு வந்துரு. நம்ம பேரும் கெடாது, வேலையும் முடிஞ்சுரும்."

"பொங்கல் வரைக்கும்ங்களா?"

"ஏம்ப்பா, இருவது வருசமா வராதது ரெண்டு மாசத்துலயா வந்துரப்போவுது?"

ரத்தினவேல் கெட்டவர் இல்லை. பதினெட்டு குடும்பங்களை நினைத்துத்தான் பேசினார். சென்றாயனுக்குக் கோபம்கூட வரவில்லை. இரண்டு மாதம் என்று அவர் சொன்னதும், தான் ஏற்கெனவே மூன்று மாதம் இதையேதான் செய்திருக்கிறோம் என்பதுதான் உறைத்தது. முதலாளியாவது இப்போதுதான் கேட்டார். கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஒரு தேதி சொன்னார். அவன் அதுகூடச் சொல்லவில்லை.

எந்த ஹார்ன் எந்த ஊருக்குப் போனது என்று எழுதி வைக்கிற டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷெட்டின் பின்பக்கம், பனியன் வேஸ்ட் மூட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் போனான். பயிற்சிக்குழு வாட்ஸப்பில் ஜெயமணியின் எண் இருந்தது. என்ன பேச வேண்டும் என்று மூன்று மாதமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும், அழுகை வந்தாலும் பரவாயில்லை, அந்த அம்மா திட்டினால் திட்டட்டும் என்றெல்லாம்.

"அக்கா, நான் ஓசூர் சென்றாயன் பேசறன். சைரன் கம்பெனி."

"ஆங், குருவிக்கூடு தம்பியா. சொல்லுப்பா."

"அது குருவிக்கூடு இல்லக்கா. பனியன் துணி. டெஸ்ட் பண்றதுக்கு நான்தான் உள்ள அடைச்சன். எடுக்க மறந்துட்டன். அன்னைக்கு மேல ஏறிப் பாத்தப்பவே தெரிஞ்சிருச்சு. பாக்கெட்ல மறச்சுக்கினு பொய் சொல்லிட்டன். உங்க சாவிய வாங்கினப்பகூட வாயத் தொறக்கல. என்ன நீங்க…"

மறுமுனையில் கருவாட்டுக்கு விலை கேட்கிற குரல் ஒன்று கேட்டது. "இரு கண்ணு, வரேன்" என்று ஜெயமணி யாரிடமோ சொன்னார். பிறகு போனில் வந்தார்.

"எத்தன ஊருக்குப் போயிருக்கு?"

"அக்கா?"

"அந்தத் துணி அடைச்சது எத்தன ஊருக்குப் போயிருக்குன்னு கேக்குறேன்."

"உங்க ஊரு போக… ஏழுக்கா. எல்லாத்துலயும் இருக்குமான்னு தெரியல."

"பேரச் சொல்லு."

மூன்று மாதமாக அவன் தன் மானத்தையும் அந்த அம்மாவின் சாவியையும்தான் மாற்றி மாற்றி நினைத்துக் குமைந்துகொண்டிருந்தான். ஏழு ஊர் ஜனங்களை அவன் நினைத்ததெல்லாம் தனக்குச் சோறு இறங்கவில்லை என்ற அளவுக்குத்தான். அந்த அம்மா விஷயம் கேட்ட முதல் மூச்சிலேயே அங்கே போய்விட்டார். அதுவரை பட்டதெல்லாம் ஒரு வெட்கமே இல்லை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. மூட்டைமேல் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் பிரித்தான்.

"நொச்சித்திட்டு."

"அங்க எங்க சின்னாயி மவ இருக்கா. அடுத்து?"

"பெரியாண்டிக்குப்பம்."

"ஐஸ் கம்பெனி செல்வம். ம்."

"தெற்கு மணல்மேடு."

ஒவ்வொரு ஊருக்கும் அவருக்கு ஓர் ஆள் தெரிந்திருந்தது. ஏலத்தில் பார்க்கிற ஆள், சம்பந்தி முறை, சுனாமி முகாமில் கூட இருந்தவள். ஏழாவது பெயர் முடிந்ததும், "ஸ்க்ரூ எதுல கழட்டணும்?" என்று கேட்டார். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும், ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், முதலில் பெட்டியில் கரண்டை அணைக்க வேண்டும் என்று சென்றாயன் சொன்னான். அவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

"அக்கா, என்ன மன்னிச்சு…"

"அது கெடக்கட்டும். எனக்கு இப்ப ஏழு பேருக்குப் போனு போடணும். வெக்கிறேன்."

மூன்றரை மணிக்குப் பயிற்சிக்குழு வாட்ஸப்பில் முதல் படம் வந்தது. நொச்சித்திட்டு. ஏணியில் ஓர் ஆள், கையில் கருத்துப்போன பனியன் துணி. நாலு மணிக்குப் பெரியாண்டிக்குப்பம். அங்கே இரண்டு ஹார்னும் காலி, சுத்தமாக இருந்தன. கால் மணி கழித்துத் தெற்கு மணல்மேடு. ஒன்றில் துணி, ஒன்றில் இல்லை. அடுத்ததில் இரண்டிலும் துணி. ஹார்ன் முதுகில் குங்குமக் கறைகூடப் படத்தில் தெரிந்தது. படங்களுக்குக் கீழே ஜெயமணி ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தார்: 'இது குருவிக்கூடு இல்லை.' அவன் பெயரைப் போடவில்லை.

அந்தப் பெரிய அதிகாரி உடனே எழுதினார்: 'யாரைக் கேட்டு ஏறினீர்கள்? சைரனுக்குள் துணி எப்படி வந்தது? கிராமக் குழுக்கள் விளக்கம் தர வேண்டும்.' மோகனப்ரியா ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். ஜெயமணி பதில் போடவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவர் எதற்காகப் பேசாமல் இருக்கிறார் என்று சென்றாயனுக்குப் புரிந்தது. அந்த இடத்தை அவனுக்கு விட்டு வைத்திருந்தார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ரத்தினவேல் கையில் போனோடு வந்துகொண்டிருந்தார். அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார். "சென்றாயா, ஒண்ணும் போட்றாத. பொறு" என்றார். சென்றாயன் பொறுக்கவில்லை. இரண்டு தடவை அழித்து எழுதினான்.

'துணி அடைத்தது நான். எடுக்க மறந்ததும் நான். கீழச்சாவடிக்குப்பத்தில் பார்த்துவிட்டு மறைத்ததும் நான். ஜெயமணி அக்கா மீது தவறு இல்லை. குருவி பொய். கையேட்டில் போட வேண்டாம். சென்றாயன், டெஸ்டிங், ஓசூர்.'

ஸ்டிக்கரில் போடுகிற மாதிரியே கீழே பெயர் போட்டிருப்பதை அனுப்பிய பிறகுதான் கவனித்தான். நாற்பது பேர் படித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. ரத்தினவேல் பக்கத்து மூட்டையில் பொத்தென்று உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். தையல் கம்பெனியில் ஷிப்டு முடிந்து பெண்கள் பேசிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்கள். சென்றாயனுக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

அப்போது ஜெயமணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எல்லோரும் பார்க்கிற குழுவிலேயே போட்டிருந்தார்.

'இன்னும் மூணு ஊரு பாக்கி இருக்கு தம்பி. எல்லாருக்கும் தெரியுற மாதிரி பேரை மறுபடி போடு.'

சென்றாயன் ரிஜிஸ்டரை மடியில் வைத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தான். கண்ணீர் மறைத்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, அந்த மூன்று ஊர்களின் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதி அனுப்பினான்.